வரி வழக்கில் ராஜி

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் தென்காசிப் பக்கத்துக் குளங்களில் மண் வேலை நின்றுவிடும். சிற்றாற்றில் புது வெள்ளம் இறங்குமுன் கரையை உயர்த்தி, மடையைக் கட்டி, அளவெடுத்துப் பில் எழுதியாக வேண்டும். தவறினால் போட்ட முதல் அடுத்த கோடை வரையில் முடங்கிக் கிடக்கும். இவ்வட்டாரத்தில் மராமத்து வேலை எடுக்கும் சிறு கண்டிராக்டருக்கு ஓர் ஆண்டு என்பது உண்மையில் சில மாதங்களே. வரி வழக்குக்கோ ஐந்து ஆண்டும் பத்து ஆண்டும் ஒரு பொருட்டல்ல. மழையின் கணக்குக்கும் வழக்கின் கணக்குக்கும் நடுவில் அகப்பட்டவர், தம் பக்கம் நியாயம் இருக்கிறதா இல்லையா என்று பார்த்துக் கொண்டிருக்க முடியாமல், ராஜிக்குப் போகிறார். அந்த ராஜியின் யோக்கியதை என்ன என்பதையே இன்று ஆராய விரும்புகிறோம்.

சென்ற சில ஆண்டுகளில் ராஜித் திட்டங்களுக்குக் குறைவில்லை. பழைய சேவை வரி, கலால் வரி வழக்குகளைத் தீர்க்க மத்திய சர்க்கார் 2019 செப்டம்பர் 1 முதல் 'சப்கா விஸ்வாஸ்' என்ற திட்டத்தை நடத்தினர். வருமான வரிக்கு 2020-இல் 'விவாத் சே விஸ்வாஸ்' வந்தது. 2024 அக்டோபர் 1 முதல் அது மறுபடியும் வந்தது. விற்பனை வரிப் பாக்கிகளுக்கு நம் மாநில சர்க்கார் 2023 அக்டோபர் 16 முதல் 'சமாதானத் திட்டம்' நடத்தி, 50,000 ரூபாய்க்கு உட்பட்ட பாக்கிகளை அடியோடு தள்ளுபடி செய்தனர். சரக்கு சேவை வரியிலும், 2017-18 முதல் 2019-20 வரையிலான மூன்று ஆண்டுகளின் கோரிக்கைகளுக்கு, வரியை 2025 மார்ச் 31-க்குள் கட்டினால் வட்டியும் அபராதமும் இல்லை என்று ஒரு புது விதி 2024 நவம்பர் 1 முதல் அமலுக்கு வந்தது. முதல் திட்டத்தினால் 1,89,000-க்கு மேற்பட்ட வழக்குகள் தீர்ந்தன என்றும், நேர்முக வரிகளில் மட்டும் 4,83,000 வழக்குகள் தேங்கி நிற்கின்றன என்றும் நிதி மந்திரி 2020 பட்ஜெட் பிரசங்கத்தில் கூறினார். ஒரு லட்சத்து எண்பத்தொன்பதாயிரம் வழக்குகள் தீர்ந்தது நல்லதுதான். ஆனால் அவற்றில் எத்தனை கேள்விகளுக்கு விடை கிடைத்தது என்று நாம் கேட்கிறோம்.

வழக்கு தீர்வது வேறு. கேள்வி தீர்வது வேறு. கண்டிராக்டர்களின் விஷயத்தில் இந்த வேற்றுமை மிகவும் முக்கியமானது. ஏனெனில் அவர்களுடைய தகராறு பெரும்பாலும் வரவை மறைத்ததைப் பற்றியது அல்ல. சட்டத்தின் கண்ணில் அவர் யார் என்பதே தகராறு. வீடு கட்டிக் கொடுப்பவர் செங்கல்லையும் சிமெண்டையும் விற்கிற வியாபாரியா, உழைப்பை அளிக்கிற சேவையாளரா? ஆள் அமர்த்திக் கொடுப்பவர் வேலையை ஒப்புக் கொண்டவரா, ஆட்களை மட்டும் அனுப்பியவரா? சீசன் காலத்தில் குற்றாலத்தைப் போன்ற இடங்களில் வண்டி நிறுத்தும் கட்டணத்தை ஏலத்தில் எடுப்பவர் உள்ளூர் மன்றத்தின் ஏஜெண்டா, சுயமாகத் தொழில் நடத்துகிறவரா? இவற்றுக்கு ஒவ்வொரு விடையும் ஒவ்வொரு வரியில் கொண்டு போய்விடும். கணக்கில் ஒரு பைசா ஒளிக்காதவரும் இதில் தவறலாம். சட்டம் எழுதியவர்களே பல முறை தவறியிருக்கிறார்கள்.

இதற்குச் சான்று நம் மாகாணத்திலேயே இருக்கிறது. கட்டடக் கண்டிராக்டில் உபயோகித்த சாமான்களின் பேரில் விற்பனை வரி கேட்டது அன்றைய சென்னை சர்க்கார். கானன் டங்கர்லி கம்பெனியார் அதை ஒப்பவில்லை. 1949-50-ஆம் ஆண்டின் வரியைப் பற்றிய அந்த வழக்கு ஹைக்கோர்ட்டில் கம்பெனிக்குச் சாதகமாகி, சர்க்காரின் அப்பீலில் சுப்ரீம் கோர்ட்டுக்குச் சென்றது. 1958 ஏப்ரல் 1-ஆம் தேதி நீதிபதி டி. எல். வெங்கட்டராம அய்யர் தீர்ப்பளித்தார். கட்டடக் கண்டிராக்டு பிரிக்க முடியாத ஒரே ஒப்பந்தம். அதற்குள் தனியாக ஒரு விற்பனை இல்லை. ஆகையால் மாகாணம் விற்பனை வரி போட முடியாது என்பது தீர்ப்பு. கால் நூற்றாண்டு காலம் தேசமெங்கும் கண்டிராக்டர்களுக்கு அது அரணாக நின்றது. பிறகு பார்லிமெண்டு 1982-இல் அரசியல் சட்டத்தின் 46-ஆவது திருத்தத்தைக் கொண்டுவந்து, கண்டிராக்டில் அடங்கிய சாமான்களுக்கு வரி விதிக்கும் அதிகாரத்தை மாநிலங்களுக்கு வெளிப்படையாக அளித்தது.

கம்பெனியார் அன்று அதிகாரியின் அறையிலேயே பாதிக்குப் பாதி என்று முடித்துக் கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அவர்களுடைய பைல் மூடப்பட்டிருக்கும். ஆனால் நூற்றுக்கணக்கான பேர் சட்டத்தில் இல்லாத வரியை மௌனமாகக் கட்டிக்கொண்டே இருந்திருப்பார்கள். மாகாணங்களுக்கு அந்த அதிகாரம் வேண்டுமென்றால் பார்லிமெண்டில் கேட்டுப் பெற வேண்டும் என்ற உண்மையும் வெளிப்பட்டிராது. வழக்காடியவர் ஒருவர், பயன் பெற்றவர் அனைவரும், சர்க்கார் உட்பட.

அண்மைக்கால உதாரணம் ஒன்றும் உண்டு. சாமானும் உழைப்பும் சேர்ந்த கண்டிராக்டுக்கு 2007 ஜூன் 1-க்கு முன் சேவை வரி உண்டா என்பது நெடுநாள் வழக்கு. இல்லை என்று சுப்ரீம் கோர்ட்டு லார்சன் அண்ட் டூப்ரோ வழக்கில் தீர்ப்பளித்தது 2015 ஆகஸ்டில். நடுவில் எட்டு ஆண்டுகள். காத்திருக்கும் திராணியுள்ள பெரிய கம்பெனிகள் காத்திருந்து வென்றன. அந்தத் திராணி இல்லாமல், நோட்டீசு வந்ததும் பணத்தைக் கட்டி வாயை மூடிக்கொண்ட சிறியவர்கள், சட்டம் கேட்காத வரியைச் செலுத்தியவர்களாகவே நின்றார்கள்.

இப்போது தென்காசிக்கு வருவோம். 2019 நவம்பர் 22-இல் தனி மாவட்டமாகிய இப்பகுதியில் குளமும் காலும் மடையும் ஏராளம். குளத்துக் கரை வேலைக்கு என்ன வரி? 2017-இல் சரக்கு சேவை வரி வந்த பின், சர்க்காருக்குச் செய்யும் பாசன வேலைகளுக்கு நூற்றுக்கு 12 என்று வைத்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில், மண் வேலை முக்காலுக்கு மேற்பட்டிருந்தால் நூற்றுக்கு 5 என்றார்கள். 2022 ஜூலை 18 முதல் 5 என்பது 12 ஆயிற்று. 12 என்பது 18 ஆயிற்று. 2025 செப்டம்பர் 22 முதல் மண் வேலைக்கும் 18 ஆகிவிட்டது. வீதம் ஒன்றாகிவிட்டதால் இனிமேல் இந்தச் சண்டை குறையலாம். ஆனால் முந்தைய ஆண்டுகளின் கணக்கு என்னாவது? கரை மண் முக்காலுக்கு மேலா, கீழா? மடைக்குப் போட்ட கல்லையும் சிமெண்டையும் எந்தப் பக்கம் சேர்ப்பது?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு சிறு கண்டிராக்டர் 2018-19-இல் 10,00,000 ரூபாய்க்கு ஒரு குளத்து வேலையை முடித்தார் என்று வைத்துக்கொள்வோம். வேலை கொடுத்த இலாகா அதை மண் வேலை என்று கருதி, 50,000 ரூபாய் வரியைப் பில்லில் சேர்த்துக் கொடுத்தது. அவர் அதை அப்படியே கட்டிவிட்டார். ஐந்து ஆண்டு கழித்து வரி அதிகாரி, இது பாசன வேலை, வரி 1,20,000 ரூபாய் என்கிறார். குறைவு 70,000. ஆண்டுக்கு நூற்றுக்கு 18 வீதம் வட்டி மட்டும் 63,000. அபராதம் வேறு. அப்பீல் செய்யலாம், அதற்கு முதலில் தகராறு வரியில் பத்தில் ஒரு பங்கு, 7,000 ரூபாய், கட்ட வேண்டும். வக்கீலுக்கும் கணக்கருக்கும் கொடுப்பது தனி. அந்தச் சமயத்தில் ராஜி விதி வருகிறது: 70,000-ஐக் கட்டு, அப்பீலை வாபஸ் வாங்கு, வட்டியையும் அபராதத்தையும் விட்டுவிடுகிறோம்.

அவர் கட்டுவார். யார்தான் கட்டமாட்டார்? ஆனால் இதில் விட்டுக்கொடுத்தவர் யார் என்று பாருங்கள். தகராறே 70,000 ரூபாயைப் பற்றியது. அதில் சர்க்கார் ஒரு காசும் விடவில்லை. விட்டதெல்லாம் அந்தத் தகராற்றின் வயிற்றில் பிறந்த வட்டியும் அபராதமும். தம் இலாகாவே குறித்துக் கொடுத்த வகையை நம்பினவர் முழுத் தொகையும் தோற்றிருக்கிறார். அந்தப் பணம் வானத்திலிருந்து விழாது. கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் கொடுக்க வேண்டிய கூலியிலிருந்தும், அடுத்த வேலைக்கு வாங்க வேண்டிய சிமெண்டிலிருந்தும்தான் வரும். குளம் இருக்கும் கிராமத்துக்கும் அந்த நஷ்டத்தில் பங்கு உண்டு.

'கோர்ட்டு இருக்கிறதே, போய் நியாயம் கேட்கலாமே' என்று சொல்பவர்கள் உண்டு. எந்தக் கோர்ட்டுக்கு? சரக்கு சேவை வரிச் சட்டம் 2017 ஜூலை 1-இல் அமலுக்கு வந்தது. முதல் அப்பீலுக்கு மேல் விசாரிக்க வேண்டிய தீர்ப்பாயம் தொடங்கி வைக்கப்பட்டதோ 2025 செப்டம்பர் 24-ஆம் தேதி. எட்டு ஆண்டுக்கு மேல் அந்த வாசல் சட்டப் புத்தகத்தில் மட்டும் இருந்தது. முதல் அப்பீலில் தோற்ற தென்காசிக்காரருக்கு, சுமார் 160 கிலோமீட்டர் தூரத்தில் மதுரையிலுள்ள ஹைக்கோர்ட்டுக் கிளையில் ரிட் போடுவது ஒன்றே வழியாக இருந்தது. 70,000 ரூபாய்க்கு ரிட் போடுவது எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தியதைப் போன்றதாகும். நோட்டீசும் உத்தரவும் ஆங்கிலத்தில் வருவதால், தம்மீது சொல்லப்படும் குற்றம் இன்னதென்று அறியவே அவர் ஒருவருக்குப் பணம் கொடுக்க வேண்டியிருக்கிறது. நியாயஸ்தலத்தின் கதவு மூடியிருக்கும்போது, 'மனமொப்பி ராஜி செய்துகொண்டார்' என்று எழுதுவது எவ்வளவு தூரம் பொருந்தும்?

அச்சத்திலும் நெருக்கடியிலும் செய்யும் வரி ராஜி நம் தேசத்துக்குப் புதிதல்ல. யுத்த காலத்து லாபங்களைத் துருவுவதற்காக 1947-இல் ஒரு சட்டம் இயற்றி, ஸர் ஸ்ரீநிவாஸ வரதாச்சாரியாரின் தலைமையில் விசாரணைக் கமிஷன் நியமித்தார்கள். அதன் முன் ராஜி செய்துகொள்ளவும் அச்சட்டத்தில் இடம் இருந்தது. சிலரைப் பொறுக்கி எடுத்துக் கடுமையான முறையில் விசாரிப்பது சமத்துவத்துக்கு விரோதம் என்று சுப்ரீம் கோர்ட்டு பின்னர் தீர்மானித்தது. அதற்கு முன்பே ராஜி எழுதிக் கொடுத்துவிட்ட பஷேஷர்நாத் என்பவரின் வழக்கு 1958-இல் வந்தது. தாமே ஒப்புக்கொண்டதாயிற்றே, இனி உரிமை பேசலாமா என்று சர்க்கார் தரப்பு வாதித்தது. சட்டத்தின் முன் சமத்துவம் என்பது ஒரு பிரஜை எழுதிக் கொடுத்துவிடக்கூடிய சொத்து அல்ல என்று பெரும்பான்மை நீதிபதிகள் கூறி, அந்த ராஜி செல்லாது என்றார்கள். இன்றைய திட்டங்கள் அந்தச் சட்டத்தைப் போன்றவை என்று நாம் கூறவில்லை. ஆயினும் கையெழுத்து ஒன்றே சம்மதத்துக்குச் சாட்சியாகாது என்ற பாடம் இன்றைக்கும் பொருந்தும்.

சர்க்காரின் பக்கத்தையும் நாம் மறுக்கவில்லை. வரி இல்லாமல் குளமும் இல்லை, சாலையும் இல்லை. ஒவ்வொரு வழக்கையும் சுப்ரீம் கோர்ட்டு வரை நடத்த எந்தத் தேசத்தாலும் ஆகாது. போலி பில் எழுதிப் பொக்கிஷத்தைக் கொள்ளையிடுகிறவருக்கு நாம் பரிந்து பேசவும் இல்லை. இன்னொரு நியாயமும் உண்டு. நான்கு ஆண்டுக்கொரு முறை ராஜித் திட்டம் வரும் என்று தெரிந்தால், காலத்தில் கட்டினவர் ஏமாளியாகவும் இழுத்தடித்தவர் சமர்த்தராகவும் ஆகிவிடுகிறார்கள். ஆகவே அடிக்கடி வரும் தள்ளுபடி நேர்மையான கண்டிராக்டருக்கும் தீங்கே. வேண்டியது அதிகத் தள்ளுபடி அல்ல. தகராறு குறைவாக எழும் நிர்வாகமே.

பணம் தர வேண்டியவர் சர்க்காராக இருக்கும்போது ராஜி எப்படி இருக்கிறது என்பதையும் பார்ப்போம். கண்டிராக்டர்களுக்கும் மத்திய சர்க்கார் இலாகாக்களுக்கும் உள்ள ஒப்பந்த வழக்குகளுக்கென்று 2023-இல் 'விவாத் சே விஸ்வாஸ்' இரண்டாம் திட்டம் வந்தது. கோர்ட்டில் ஜயித்த கண்டிராக்டருக்கு அத்தொகையில் நூற்றுக்கு 85 வரையிலும், மத்தியஸ்தத்தில் ஜயித்தவருக்கு 65 வரையிலும் கொடுத்து முடிப்பதாகச் சொன்னார்கள். ஆக, கண்டிராக்டர் வரியில் கடன்பட்டவர் என்று ஓர் அதிகாரி சொன்னால் போதும். சரக்கு சேவை வரி ராஜியில் நூற்றுக்கு நூறு. கண்டிராக்டருக்குச் சர்க்கார் கடன்பட்டது என்று கோர்ட்டே சொன்னாலும் நூற்றுக்கு 85. ஒரே தராசில் இரண்டு விதப் படிக்கற்களை வைத்து நிறுப்பது சர்க்காருக்கு அழகா?

பிற தேசங்களிலும் இந்தச் சிக்கல் உண்டு. பிரிட்டனில், கம்பெனி ஒன்றை வைத்துக்கொண்டு கண்டிராக்டராக வேலை செய்பவர் உண்மையில் சம்பளக்காரர்தானா என்று வரி இலாகா துருவும் விதி 2000 ஏப்ரல் முதல் இருந்து வருகிறது. ஏறக்குறைய ஒரே மாதிரியான வேலை செய்த தொலைக்காட்சிக்காரர்களில் சிலர் தோற்றார்கள், சிலர் ஜயித்தார்கள். அங்கேயும் கோர்ட்டுக்கு வெளியே முடித்துக்கொள்பவர்கள் உண்டு. ஆனால் இரண்டு விஷயங்கள் நம் கவனத்துக்கு உரியவை. முதலாவது, எந்த வழக்கில் ராஜி செய்யலாம், எதில் கூடாது என்ற கொள்கையை அந்த இலாகா பகிரங்கமாக அச்சிட்டு வைத்திருக்கிறது. உண்டு, இல்லை என்று ஒரே விடையுள்ள கேள்வியில் பாதியாகப் பங்கு போட்டு முடிக்கக் கூடாது என்பது அதில் ஒரு விதி. இரண்டாவது, சர்க்கார் ஸ்தாபனங்களில் 2017 முதலும், பெரிய, நடுத்தரக் கம்பெனிகளில் 2021 முதலும், வேலை எடுத்தவர் எந்த வகையினர் என்று தீர்மானிக்கும் பொறுப்பு வேலை கொடுப்பவர் தலையில் வைக்கப்பட்டது. 2021 முதல் அந்தத் தீர்மானத்தைக் காரணத்தோடு எழுத்தில் கொடுக்கவும் வேண்டும். அந்த ஏற்பாட்டிலும் குறைகள் உண்டு. பயந்துபோன முதலாளிகள் எல்லோரையும் ஒரே வகையில் தள்ளினர் என்ற முறையீடு அங்கே எழுந்தது. என்றாலும், தகராறு முளைக்குமுன் பதில் சொல்ல வேண்டியவர் யார் என்பதாவது தெரிகிறது.

இவற்றைக் கொண்டு நாம் கூறும் யோசனைகள் நான்கு.

முதலாவது, சர்க்கார் இலாகாவும் உள்ளூர் மன்றமும் டெண்டர் கேட்கும்போதே, வேலை எந்த வகையைச் சேர்ந்தது, வரி வீதம் என்ன, காரணம் என்ன என்பதை எழுதிவிட வேண்டும். பின்னால் வரி அதிகாரி அதை மாற்றினால், வித்தியாசத்தை வேலை கொடுத்த இலாகாவே ஏற்க வேண்டும். சர்க்காரின் ஒரு கை எழுதியதை இன்னொரு கை அழித்தால், அந்தச் செலவு கண்டிராக்டர் தலையில் விழுவது அநீதி.

இரண்டாவது, ராஜியான ஒவ்வொரு வகைத் தகராற்றிலும், ஆளின் பெயரை நீக்கிவிட்டு, எழுந்த கேள்வி என்ன, எவ்வாறு தீர்ந்தது என்பதைத் தமிழில் பிரசுரம் செய்ய வேண்டும். தென்காசியில் ஒருவர் பணம் கட்டித் தெரிந்துகொண்டதைச் செங்கோட்டையில் இன்னொருவர் மறுபடியும் பணம் கட்டித் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் இராது.

மூன்றாவது, சிறு தொகைகளுக்கு நிரந்தரமான ஒரு சமரசச் சபை வேண்டும். 1976 முதல் இருந்த வருமான வரி ராஜிக் கமிஷனை 2021-இல் கலைத்தபோது, 50 லட்சத்துக்கு மேற்படாத வருமானமும் 10 லட்சத்துக்கு மேற்படாத தகராறும் உடையவர்களுக்கென்று ஒரு குழுவுக்குச் சட்டம் வகை செய்தது. சரக்கு சேவை வரியிலும் அப்படி ஒன்று மாவட்டந்தோறும் ஏன் இருக்கக் கூடாது? குறித்த காலத்துக்குள் தீர்ப்புச் சொல்லி, அதற்குக் காரணமும் எழுதினால், திருவிழாவைப் போல் இடையிடையே வரும் தள்ளுபடிகளுக்கு அவசியமே இராது.

நான்காவது, ஒரே கேள்வியில் பின்னால் உச்ச நியாயஸ்தலம் வரி கிடையாது என்று தீர்த்தால், அதே கேள்வியில் ராஜி செய்துகொண்ட சிறியவர்களுக்கும் பணம் திரும்ப வேண்டும். ஜயித்த பெரியவருக்கு இல்லாத வரி, காத்திருக்க முடியாத சிறியவருக்கு மட்டும் இருந்ததாக எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது?

நம் கண்டிராக்டர்களுக்கும் ஒரு வார்த்தை. தனித்தனியாக அதிகாரியின் மேஜைக்கு முன் நிற்பதால்தான் இந்தக் கதி. கேள்வி எல்லோருக்கும் ஒன்றாயிருக்கும்போது, சங்கமாகச் சேர்ந்து ஒரு வழக்கையாவது முடிவு வரை நடத்துங்கள். செலவைப் பங்கிட்டுக்கொண்டால் மதுரை தூரமல்ல. கணக்கைச் சுத்தமாக வைத்துக்கொள்ளுங்கள். டெண்டரில் வரி வகை எழுதப்படாத வேலையைக் கையெழுத்திடுமுன் எழுத்திலே கேளுங்கள். 1949-இல் எழுந்த ஒரு கேள்வியை ஒரு கம்பெனி ஒன்பது ஆண்டு விடாமல் பிடித்ததால்தான் தேசத்துக்கே சட்டம் தெளிவாயிற்று என்பதை மறக்க வேண்டாம்.

ராஜி நல்லதே. ஊரில் இருவர் சண்டையைப் பெரியவர்கள் தீர்த்து வைப்பது நம் பழைய வழக்கம். ஆனால் அங்கே மத்தியஸ்தர் வேறு, கட்சிக்காரர் வேறு. இங்கே ஒரு கட்சிக்காரரே மத்தியஸ்தராகவும் இருந்து, தவணையையும் தாமே வைத்து, மற்றவர் போகக்கூடிய வாசலை எட்டு ஆண்டு திறக்காமலும் இருந்தார். தீர்ப்பாயம் இப்பொழுது திறந்துவிட்டது. இனியாவது ராஜியை நியாயத்துக்குத் துணையாக வைக்கப் போகிறார்களா, அதற்குப் பதிலாகவே வைக்கப் போகிறார்களா? அடுத்த சாரலுக்குள் சிற்றாற்றுக் குளங்களுக்கு டெண்டர் விடும்போது, அந்தத் தாளில் வரி வகைக்கென்று ஒரு வரி சேர்ந்திருந்தால், சர்க்காரின் பதில் இன்னதென்று நாம் தெரிந்துகொள்வோம்.